ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியல் விடைத்தாளைக் கொஞ்சம் உட்கார்ந்து படிப்போம்

 

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் நமதூர்களில் என்ன நடக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வரும். சங்கங்களும் ஜமாஅத்தும் பரிசளிப்பு விழாவுக்குத் தேதி குறிக்கும். அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம்தான். ஆனால் அதே நாளில், அறிவியலில் நாற்பதும் நாற்பத்தைந்தும் எடுத்த பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பார்கள். சயின்ஸ் குரூப் கிடைக்குமா என்ற கவலை ஒருபுறம். பையனைக் கடையில் உட்கார வைத்துவிடலாம், பெண் பிள்ளை படித்தது போதும் என்ற பேச்சு மறுபுறம்.

அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பில் எழுதிய அறிவியல் விடைத்தாளை எடுத்துப் பார்த்தால், இன்று பத்தாம் வகுப்பில் செய்த அதே தவறு அதிலும் இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சிவப்பு மையில் ஆசிரியர் சுழித்துக் காட்டியிருப்பார். நாம் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்போம்.

நடுநிலை வகுப்புகளின் அறிவியல் தேர்வுகளை, பின்னால் வரும் பெரிய தேர்வுகளுக்கான தயாரிப்பாக எப்படிப் பயன்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாடு அரசுப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

எட்டு வரை ஆல் பாஸ் என்ற நிம்மதி

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-இல் வந்த திருத்தம் அந்த முடிவை மாநிலங்களிடம் விட்டது. தமிழகத்தில் எட்டு வரை தேர்ச்சி என்ற நிலை தொடர்கிறது. இது நல்ல ஏற்பாடு. சிறு வயதில் ஃபெயில் என்ற முத்திரை விழுந்து பள்ளியை விட்டே நின்றுபோன பிள்ளைகள் நம் சமுதாயத்தில் ஏராளம்.

ஆனால் நாம் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டோம். "எப்படியும் பாஸ்தானே, ஒன்பதாவதில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்று ஆண்டுகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பிள்ளையை நிறுத்தி வைக்க வேண்டாம் என்றுதான் சட்டம் சொன்னது. அவன் என்ன கற்றான், எதைக் கற்கவில்லை என்று பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

பார்ப்பதற்கான ஏற்பாடும் பள்ளியிலேயே இருக்கிறது. 2012-13 கல்வியாண்டில் வந்த முப்பருவ முறையில் மதிப்பெண் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பாடம் நடக்கும்போதே செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 மதிப்பெண். இது வளரறி மதிப்பீடு. பருவ இறுதியில் எழுதும் தேர்வுக்கு 60 மதிப்பெண். இது தொகுத்தறி மதிப்பீடு. முதலாவதன் நோக்கமே, பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்று பாடம் முடிவதற்குள் கண்டுபிடித்துச் சரிசெய்வது. நடைமுறையில் அந்த 40 பல இடங்களில் சார்ட் ஒட்டுவதற்கும் மாடல் செய்வதற்கும் தாராளமாகப் போடும் மதிப்பெண்ணாக மாறிவிட்டது. அந்த மாடலையும் அநேகமாக நாம்தான் ஸ்டேஷனரி கடையில் வாங்கிக் கொடுக்கிறோம்! ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறாமல், 60-க்கு எழுதிய தாளைத் தனியே பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தாள் எதைக் கேட்கிறது?

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் நான்கு பகுதிகள்: ஒரு மதிப்பெண் வினா 12. இரண்டு மதிப்பெண் வினா பத்தில் ஏழு. நான்கு மதிப்பெண் வினா பத்தில் ஏழு. ஏழு மதிப்பெண் வினா மூன்று. இரண்டு மதிப்பெண் பகுதியில் 22-ஆவது கேள்வியும், நான்கு மதிப்பெண் பகுதியில் 32-ஆவது கேள்வியும் கட்டாயம் எழுத வேண்டியவை. பெரும்பாலும் கணக்குகள் வருவது இங்கேதான்.

புக் பேக் வினாக்களை மனப்பாடம் செய்த பிள்ளை இந்தத் தாளில் தேர்ச்சி பெற்றுவிடலாம். ஆனால் கட்டாயக் கேள்வியிலும், பாடத்தின் உள்ளே இருந்து எடுத்துக் கேட்கும் கேள்வியிலும் நின்றுவிடுவான். அந்த இடங்களில் கைகொடுப்பது ஏழிலும் எட்டிலும் படித்த அடிப்படைதான்.

ஓர் உதாரணம். ஏழாம் வகுப்பில் வேகம் பற்றிய பாடம் வருகிறது. "ஒரு பேருந்து 2 மணி நேரத்தில் 144 கிலோமீட்டர் செல்கிறது. அதன் வேகத்தை மீட்டர்/விநாடியில் கூறுக" என்று கேள்வி. பிள்ளை 144-ஐ 2-ஆல் வகுத்து 72 என்று எழுதிவிட்டான். 72 என்பது மணிக்குக் கிலோமீட்டர். அதை 72,000 மீட்டராக்கி 3,600 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 20 மீட்டர் என்பதே விடை. ஆசிரியர் அரை மதிப்பெண் குறைத்தார். யாரும் கவலைப்படவில்லை.

அதே பிள்ளை பத்தாம் வகுப்பில் நியூட்டனின் இரண்டாம் விதியைப் படிக்கிறான். "72 கி.மீ. வேகத்தில் செல்லும் 1,000 கிலோகிராம் காரை 5 விநாடியில் நிறுத்தத் தேவையான விசை என்ன?" என்று கணக்கு வருகிறது. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்குவது என்று சூத்திரம் அவனுக்குத் தெரியும். 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4. 1,000-ஆல் பெருக்கினால் 4,000 நியூட்டன். அவன் 72-ஐ அப்படியே போட்டு 14,400 என்று எழுதிவிட்டு வருகிறான். வீட்டில் நாம் "நியூட்டன் விதி சரியாகப் படிக்கவில்லை" என்று ட்யூஷன் மாற்றுகிறோம். அவனுக்கு நியூட்டன் விதி தெரியும். ஏழாம் வகுப்பின் அலகு மாற்றம்தான் தெரியாது.

வேதியியலிலும் இதே கதைதான். மெக்னீசியத்தின் இணைதிறன் 2, குளோரினின் இணைதிறன் 1. ஆகவே ஒரு மெக்னீசியத்துடன் இரண்டு குளோரின் சேர வேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் பதியாத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் சமன்பாடு எழுதுவது என்றாலே பயமாகிவிடுகிறது. பிறகு அத்தனை சமன்பாடுகளையும் மனப்பாடம் செய்யப் பார்க்கிறான்.

விடைத்தாளில் ஐந்து வகைத் தவறுகள்

மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் "ஏன் போனது?" என்று கேட்டால், பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

1. படிக்கவே இல்லை. அந்தப் பாடம் நடந்த நாட்களில் லீவு, அல்லது அந்தப் பாடத்தைத் தொடவில்லை. சரிசெய்வதற்கு மிக எளிதான தவறு இது.

2. தவறாகப் புரிந்திருக்கிறான். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதான், செடி தன் உணவை மண்ணிலிருந்து எடுக்கிறது, கனமான பொருள்தான் வேகமாக விழும் என்பன போன்ற எண்ணங்கள். மீண்டும் மீண்டும் படிக்கச் சொன்னால் இது போகாது. பேசித்தான் மாற்ற வேண்டும்.

3. அலகு, கணக்கு. சூத்திரம் சரி, விடை தவறு. அல்லது விடை சரி, பக்கத்தில் அலகு இல்லை.

4. தெரியும், எழுதத் தெரியவில்லை. நான்கு மதிப்பெண் கேள்விக்கு ஒரே வரி. படம் சரி, பாகங்களைக் குறிக்கவில்லை.

5. கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. "வேறுபடுத்துக" என்றால் ஒன்றை மட்டும் விளக்கியிருப்பான். "காரணம் கூறுக" என்றால் வரையறை எழுதியிருப்பான்.

ஐந்துக்கும் மருந்து வேறு. 60-க்கு 35 எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு இரண்டாவது வகையும் மற்றவனுக்கு நான்காவது வகையும் இருக்கலாம். இருவரையும் ஒரே ட்யூஷனில் உட்கார வைத்து ஒரே நோட்ஸைக் கொடுத்தால் இருவருக்கும் பயனில்லை.

ஆசிரியர்கள் கேள்வி அமைக்கும்போதே இதைக் கண்டுபிடிக்க முடியும். ஒரு மின்கலத்துடன் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். எது அதிகமாக ஒளிரும்? நேர்முனைக்கு அருகில் உள்ளது, எதிர்முனைக்கு அருகில் உள்ளது, இரண்டும் சமம், ஒன்று மட்டுமே எரியும் என நான்கு விடைகள். இரண்டும் சமம் என்பதே சரி. முதல் விடையைத் தேர்ந்தெடுத்தவன், முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்று நினைக்கிறான். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவனுக்கு எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து புறப்படுவது தெரியும், ஆனால் அவனும் மின்னோட்டம் வழியில் செலவாகிறது என்றே எண்ணுகிறான். நான்காவதைத் தேர்ந்தெடுத்தவனுக்கு மின்சுற்று என்றால் என்னவென்றே புரியவில்லை. மூவருக்கும் பூஜ்யம்தான். ஆனால் மூவருக்கும் நாளை சொல்லித்தர வேண்டியது வேறு வேறு. ஒரே ஒரு கேள்வி இவ்வளவையும் காட்டிவிடுகிறது.

இப்னுல் ஹைதம் சொல்லித் தரும் பாடம்

தவறான புரிதல் இருப்பது அவமானம் அல்ல. "நாம் ஒரு பொருளை எப்படிப் பார்க்கிறோம்?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணிலிருந்து ஏதோ ஒன்று போய்ப் பொருளைத் தொடுவது போலச் சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். பழைய கிரேக்க அறிஞர்கள் பலரும், யூக்ளிட், தாலமி உட்பட, கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதாகத்தான் கருதினார்கள்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் அதை ஏற்கவில்லை. ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று தமது கிதாபுல் மனாளிர் நூலில் விளக்கினார். பிரகாசமான ஒளியைப் பார்த்தால் கண் வலிப்பது ஏன் என்று கேட்டார். இருட்டறையின் சிறு துளை வழியே வரும் ஒளியை வைத்துச் சோதித்தார். பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று விடாமல் பரிசோதித்துப் பார்த்தார். பள்ளிப் புத்தகத்தில் வரும் ஊசித்துளைக் காமிரா செயல்பாடு அந்தப் பரிசோதனையின் வாரிசுதான்.

மீலாது மேடைகளிலும் கல்வி மாநாடுகளிலும் அவர் பெயரைப் பெருமையோடு சொல்கிறோம். அவர் செய்ததை நம் வீட்டில் செய்கிறோமா? பிள்ளை தவறான விடை எழுதினால் "உனக்கு மூளை இருக்கா?" என்று கேட்கிறோம். "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வியில்தான் திருத்தம் ஆரம்பமாகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

இதற்கு நாம் அறிவியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. வாப்பா வெளிநாட்டில் இருந்தாலும், உம்மா எட்டாவது வரை படித்திருந்தாலும் செய்ய முடியும்.

முதலில், விடைத்தாள் கைக்கு வந்த அன்று மதிப்பெண் பற்றிய பேச்சை எடுக்காதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த தாள் வீட்டுக்கே வராது. மறுநாள் மஃரிபுக்குப் பிறகு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மதிப்பெண் போன இடங்களுக்கு எதிரே மேலே சொன்ன ஐந்தில் எது என்று பிள்ளையையே எண் போடச் சொல்லுங்கள். தன் தவறைத் தானே வகைப்படுத்தும்போது பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, ஒரு தனி நோட்டு. அதில் தவறிய கேள்வி, தான் எழுதியது, சரியான விடை, ஏன் தவறினேன் என்ற ஒரு வரி. இவ்வளவுதான். அந்த நோட்டை எட்டாம் வகுப்பு முடியும்வரை தூக்கிப் போடக் கூடாது. பத்தாம் வகுப்பில் எந்த கைடும் தர முடியாத உதவியை அது தரும். அது அந்தப் பிள்ளைக்காகவே, அவன் கையாலேயே எழுதப்பட்ட புத்தகம்.

மூன்றாவது, அதே கேள்வியை ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் திரும்பக் கேளுங்கள். புத்தகத்தைப் பத்து முறை வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதுதான் நிலைக்கும். குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகளைப் பாருங்கள். புதிய பாடம் ஓதுவதோடு பழைய பாடத்தையும் தினமும் உஸ்தாதிடம் ஒப்புவிக்கிறார்கள். அதனால்தான் நிற்கிறது. ஹிஃப்ள் மதரஸாவில் நமக்கு நன்கு தெரிந்த இந்த முறையைப் பள்ளிப் பாடத்துக்கு மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். ஒரு வித்தியாசம் உண்டு: அறிவியலில் வார்த்தை மாறாமல் ஒப்புவிக்க வேண்டியதில்லை. தன் சொந்த வார்த்தையில், வீட்டில் இருக்கும் தங்கைக்குச் சொல்வதுபோல் சொன்னால் போதும்.

ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணில் பணமும் இருக்கிறது

"ஏழாவது மார்க்கை யார் கேட்கப் போகிறார்கள்?" என்பவர்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசின் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம், சுருக்கமாக என்.எம்.எம்.எஸ்., 2008-இல் தொடங்கியது. அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் இதற்கான தேர்வை எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. ஏழாம் வகுப்பில் குறைந்தது 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 50 சதவீதம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுகளும் தொடர்ந்து பெற்றால் 48,000 ரூபாய்.

தேர்வில் மனத்திறனுக்கு 90 கேள்விகள், பாடத்திறனுக்கு 90 கேள்விகள். தலா 90 நிமிடம். பாடத்திறனில் தமிழகத்தில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணிதத்துக்கு 20. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை. ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியலை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இந்த 35 புதிதாகப் படிக்க வேண்டியதே அல்ல.

சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் பள்ளிப் படிப்பு உதவித்தொகை 2022-இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தப்பட்டதை நாம் அறிவோம். அந்த வாசல் மூடப்பட்டிருக்கும் நிலையில், திறந்திருக்கும் இந்த வாசலை விட்டுவிடுவது நம் ஏழைப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பெரும் குறை. விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவே போகிறது. எட்டாம் வகுப்பு ஆரம்பித்ததுமே பள்ளிக்குச் சென்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஜமாஅத்தும் சங்கங்களும் செய்ய வேண்டியது

பத்தாம் வகுப்புக்கு மூன்று மாதம் முன்பு இலவச டியூஷன் நடத்துகிறோம். நல்லதுதான், ஆனால் தாமதமான உதவி. அதே உழைப்பில் ஒரு பகுதியை ஏழு, எட்டாம் வகுப்புப் பக்கம் திருப்பினால் பலன் கூடும்.

நமதூர்களில் பி.எஸ்.ஸி., எம்.எஸ்.ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! சனிக்கிழமை இரண்டு மணி நேரம், மதரஸா வகுப்பறையிலோ சங்கக் கட்டடத்திலோ பதினைந்து பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைக்கலாம். கொண்டு வர வேண்டியது பள்ளியில் திருத்திக் கொடுத்த விடைத்தாள் மட்டுமே. ஒரு பேட்டரி, இரண்டு பல்பு, கொஞ்சம் ஒயர், ஒரு லென்ஸ், லிட்மஸ் தாள், ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் அரை ஆண்டுப் பாடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு இருக்கும் 25 மதிப்பெண்ணுக்கும் அங்கேயே பழக்கம் ஆரம்பித்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே, தெரிந்த இடத்தில், பெண் ஆசிரியையிடம் வகுப்பு என்றால் அனுப்பத் தயங்கும் பெற்றோரும் அனுப்புவார்கள்.

பரிசளிப்பு விழாவிலும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். முதல் மூன்று இடங்களோடு நிறுத்தாமல், முதல் பருவத்தில் இருந்து மூன்றாம் பருவத்துக்குள் அறிவியலில் அதிகம் முன்னேறிய ஏழாம் வகுப்பு மாணவனையும் மாணவியையும் மேடையேற்றுவோம். 25-லிருந்து 42-க்கு வந்த பிள்ளையின் உழைப்பும் மரியாதைக்குரியது. அவனைப் போன்ற இன்னும் பத்துப் பேர் கூட்டத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மறுமையில் கேள்வி கணக்கு இருக்கிறது என்று நம்புகிற சமுதாயம் நாம். அதற்கு முன் நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஜும்ஆ பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள். பிள்ளையின் விடைத்தாளும் அப்படி ஒரு கணக்குத்தான். திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே அது நம் கைக்கு வருகிறது. அடுத்த பருவத் தேர்வுத் தாள் வரும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் இருபது நிமிடம் பிள்ளையோடு உட்காருவோம், இன்ஷா அல்லாஹ்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கொண்டு மக்களுக்கு நன்மை செய்யும் வாய்ப்பையும் வழங்குவானாக! ஆமீன்.